மழை நாளில் வராத ஆயாவுக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். நான் ராணிப்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். கணவருக்கு ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. பெரியவன் ஒன்றாம் வகுப்பு, சின்னவளுக்கு ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு வருடமாகக் கன்சால்பேட்டையிலிருந்து ஓர் அக்கா வருகிறார். காலை 8 முதல் மாலை 6 வரை, ஞாயிறு லீவு, மாதம் 9,000 ரூபாய். போன மழையில் ஒரே மாதத்தில் நான்கு நாள் வரவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றார். ஒரு நாள் பள்ளிக்கு லீவு விட்டதால் பேத்தியைத் தனியாக விட முடியாது என்றார். இன்னொரு நாள் கணவர் வீட்டில் இருந்ததால் நாங்களே வர வேண்டாம் என்று போன் செய்துவிட்டோம். மாதக் கடைசியில் கணவர் 9,000-ஐ 26-ஆல் வகுத்து, நான்கு நாளுக்கு 1,385 பிடித்துக்கொண்டு, 7,615 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதிலிருந்து சரியாக ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முன்பு அப்படி இல்லை. அதே மாதத்தில் ஒரு நாள் நான் மழையில் மாட்டிக்கொண்டபோது இரவு எட்டரை வரை இருந்தவர்தான். "வராத நாளுக்கு எதற்குச் சம்பளம்? டவுன் பஸ் ஓடத்தானே செய்தது, அதுவும் பெண்களுக்கு இலவசம்" என்கிறார் கணவர். நாங்கள் செய்தது சட்டப்படி சரியா? வேறு ஆள் பார்த்துவிடலாமா?

– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்:

உங்கள் கணவர் போட்ட வகுத்தலில் பிழை இல்லை. ஒரு நாளுக்கு 346 ரூபாய் சொச்சம், நான்கு நாளுக்கு 1,385. அவர் போடாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நாளுக்குப் பத்து மணி நேரம், 26 நாளுக்கு 260 மணி நேரம். 9,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய்கூட வரவில்லை. சரி, எட்டரை மணி வரை இருந்தாரே, அந்த இரண்டரை மணி நேரத்துக்கு என்ன கொடுத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் கொட்டுகிற மழையில் கன்சால்பேட்டைக்கு எதில் போனார், ஆட்டோவுக்கு யார் கொடுத்தார்கள்? அதுவும் கடிதத்தில் இல்லை. குறையும்போது காசு வரைக்கும் கணக்குப் பார்த்த வீட்டில், கூடும்போது கணக்கு நோட்டே திறக்கப்படவில்லை. அந்த அக்கா ஆறு மணிக்குப் பையை எடுப்பது இதைப் பார்த்துத்தான். நீங்கள் மணிக்கணக்கு வைத்தால் அவரும் மணிக்கணக்கு வைக்கிறார்.

முதலில் சட்டம். மழை நாளில் வீட்டு வேலைக்கு வராதவருக்கு இவ்வளவு கொடு, இவ்வளவு பிடி என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தேசிய அளவில் தனிச்சட்டமே இல்லை. அதைப் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது, 2018-இல் அரசு குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தது. நீங்கள் கொடுக்கும் மணிக்கு 35 ரூபாய் இன்றைய கூலிக்கு எட்டுகிறதா என்று தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மழைச் சம்பளத்தைவிட அதுதான் உங்களுக்குச் சட்டச் சிக்கலாக வரக்கூடியது.

தொழிற்சாலைகளில் இந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 'லே-ஆஃப்' என்று ஒன்று இருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அது உண்டு. வேலைக்குத் தயாராக இருக்கும் ஆளுக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால், பாதிச் சம்பளம் தர வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் வேலை நின்றாலும் அப்படித்தான். ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலைக்கு எழுதிய விதி, உங்கள் ஹாலுக்குப் பொருந்தாது. அதில் உள்ள நியாயத்தை மட்டும் பாருங்கள்: மழைக்கு யாரும் பொறுப்பில்லை என்பதால் நஷ்டம் முழுவதையும் கூலிக்காரர் தலையில் கட்டக் கூடாது என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த நான்கு நாளுக்கு வருகிறேன். உங்கள் கணவர் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அவிழ்த்தால் மூன்று விதம் தெரியும்.

நீங்களே வர வேண்டாம் என்று சொன்ன நாள். இதில் பேச ஒன்றுமே இல்லை. அவர் கிளம்பத் தயாராக இருந்தார், நீங்கள் நிறுத்தினீர்கள். அந்த 346 ரூபாயைப் பிடித்தது தவறு. 'வேலை இல்லையேல் கூலி இல்லை' என்பது வேலை இருந்தும் செய்யாதவருக்குச் சொல்வது. மாதச் சம்பளம் என்று பேசிவிட்டால், தேவைப்படாத நாளுக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறோம். உங்கள் வங்கியில் கரண்ட் போய், சர்வர் படுத்து, ஒரு மதியம் முழுக்கக் கவுன்ட்டரில் சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் சம்பளத்தில் கை வைப்பார்களா?

அடுத்து, தண்ணீர் வந்த இரண்டு நாள். நிக்கல்சன் கால்வாய் வழிந்தால் கன்சால்பேட்டை, இந்திரா நகர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுவது வேலூர்க்காரர்கள் யாருக்கும் புதிய செய்தி இல்லை. அந்தத் தண்ணீர் வெறும் மழைத் தண்ணீரும் இல்லை. சாக்கடையும் சேர்ந்து வரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் சலசலவென்று சத்தம் கேட்டு எழுந்து, ரேஷன் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி, கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்து, ஆதார் அட்டையும் பாஸ் புக்கும் இருக்கும் மஞ்சப்பையை ஆணியில் மாட்டி, பக்கெட்டில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றி, விடிந்த பிறகு தரையெல்லாம் சேறு. அந்த நேரத்தில் டவுன் பஸ் ஓடியதா என்பது கேள்வியே இல்லை. பஸ் ஓடியிருக்கலாம். வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஏற முடியுமா என்பதுதான் கேள்வி. இலவசப் பயணம் என்பதும் டவுன் பஸ் வந்தால்தான். மழை நாளில் அரைமணி நின்றும் வராமல், ஷேர் ஆட்டோவில் காசு கொடுத்து ஏறி வந்த நாட்கள் எத்தனை என்று ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பேத்திக்காக நின்ற நாள் கொஞ்சம் வாதத்துக்கு இடம் தரும். ஆனால் யோசியுங்கள். கலெக்டர் லீவு விட்டது உங்கள் பெரியவனுக்கு மட்டுமா? அந்த அக்காவின் பேத்திக்கும்தான். உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தன் வீட்டுப் பிள்ளையைத் தண்ணீர் சூழ்ந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். மண்சுவர் ஊறிய வீடு எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்துபோனார்கள். பாலாறு கரை புரண்டு ஓடிய அந்த மழைக்குப் பிறகு, நம் பக்கத்தில் பழைய வீட்டில் இருப்பவர்கள் தொடர் மழை என்றாலே பிள்ளைகளைக் கண் மறைவில் விடுவதில்லை. "பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாங்க அக்கா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு வந்திருப்பாரோ என்னவோ. உங்கள் பெரியவனும் வீட்டில்தான் இருந்தான், இருவரும் விளையாடியிருப்பார்கள். பேத்தியும் வந்தால் அன்றைக்குக் குழந்தைகள் மூன்றாகும் என்று யோசிப்பீர்கள். பள்ளி லீவு என்றால் உங்கள் வீட்டிலேயே ஒன்று இரண்டாகிறது, அதற்கு நீங்கள் யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லையே.

இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2015 நவம்பர் மழை. என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அவனைப் பார்த்துக்கொண்ட அம்மா காலையில் போன் செய்து, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், இன்றைக்கு வேண்டாமே என்றார். எனக்கு அன்று ஒரு வழக்கு. தொழிலாளர் வழக்குதான், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "எப்படியாவது வந்துடுங்கம்மா" என்றேன். வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் நீதிமன்றத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா போட்டுவிட்டார்கள், பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, புண் சீழ் பிடித்து, பத்து நாள் நடக்க முடியவில்லை. அந்தப் பத்து நாளுக்குச் சம்பளம் கொடுத்தேன், மருந்துக்கும் கொடுத்தேன். ஆனால் அதற்கு அப்புறம் ஒருபோதும் அவர் என்னிடம் "வேண்டாமே" என்று கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துகொண்டுவிட்டார்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஆயா என்றால் பாட்டி. சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பவரும் ஆயாதான். உங்கள் மகளும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். எட்டரை மணி வரை இருக்கச் சொல்லும்போது அவர் பாட்டி ஆகிவிடுகிறார், மாதக் கடைசியில் வேலைக்காரி ஆகிவிடுகிறார். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை, என்னிடம் வரும் பாதிப் புகார்கள் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். பாசத்தைப் பாசமாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பேசுவது என்றால் பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ போட்டுக் கொடுத்து உட்காரவைத்துப் பேசி, பேசியதை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக இருவரும் அனுப்பிக்கொண்டால் போதும். என்ன பேசுவது? நான் சொல்வது என் அனுபவத்தில் நடைமுறைக்கு ஒத்து வந்தது, உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை ஆறு நாள் 'மழை லீவு', முழுச் சம்பளத்தோடு. காரணம் கேட்கக் கூடாது. நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லும் நாள் இந்த ஆறில் சேராது, அது எத்தனை நாளானாலும் முழுச் சம்பளம். ஆறைத் தாண்டி அவராக நின்றால் அப்போது பாதி பிடிக்கலாம், அதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வருகிற மழை நாளில் போக வர ஆட்டோ உங்கள் செலவு. ஆறு மணிக்கு மேல் ஆனால் இரட்டைக் கூலி, அதாவது இன்றைய சம்பளத்தில் மணிக்கு 70 ரூபாய். தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டை என்பதுதான் சட்டம், நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். ராத்திரி தங்க வேண்டி வந்தால் அதற்குத் தனித் தொகை. எவ்வளவு என்று அவரே சொல்லட்டும், பெரும்பாலும் நீங்கள் நினைத்திருந்ததைவிடக் குறைவாகத்தான் சொல்வார், அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

யார் முடிவு செய்வது என்பதில்தான் பெரிய குழப்பமே. பள்ளி லீவு அறிவிப்பு சில நாள் முந்தின இரவே வரும், சில நாள் விடிந்த பிறகு வரும், அதற்குள் அவர் பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டிருப்பார். அதனால் வானிலை அறிவிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ரெட் அலர்ட் என்றால், அதாவது 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று சொல்லிவிட்டால், அவர் வர வேண்டாம். யாரும் யாருக்கும் போன் செய்யவே வேண்டாம். ஆரஞ்சு என்றால் காலை ஆறு மணிக்கு அவர் உங்களுக்குப் போன் செய்வார், தெருவின் நிலையைச் சொல்வார், வருவதும் நிற்பதும் அவர் முடிவு. அவர் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று சத்துவாச்சாரி மாடியில் இருந்துகொண்டு நமக்கு எப்படித் தெரியும்? "பொய் சொல்லி லீவு போட்டால்?" என்று உங்கள் கணவர் கேட்பார். போடட்டுமே. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பத்து மணி நேரம் நம்பிக் கொடுக்கிறீர்கள், தெருவில் தண்ணீர் என்றால் நம்பமாட்டீர்களா?

ரெட் அலர்ட் நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்பதை நீங்களும் கணவரும் இப்போதே பேசி வையுங்கள். வங்கிக்கு மழை லீவு கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்பவர் உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். லேப்டாப்பும் குழந்தையும் ஒன்றாக முடியாது என்பார், உண்மைதான். அன்றைக்கு அவர் லீவு போடட்டும்.

அக்கா நனைந்து வரும் நாளுக்கு உங்கள் வீட்டில் ஒரு மாற்றுப் புடவையோ நைட்டியோ, ஒரு துண்டோ நிரந்தரமாக இருக்கட்டும். ஈரத்தோடு தூக்கினால் குழந்தையும் நனையும், அவருக்கும் நாள் முழுக்கக் குளிரும். அப்புறம் நீங்கள் வழியில் மாட்டிக்கொள்ளும் நாளுக்காகப் பால் பவுடர், டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, சார்ஜ் லைட், எதிர்வீட்டுக்காரர் நம்பர், இவை எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலூரில் மழையை மட்டும் மோசமான வானிலை என்று சொல்லிவிட முடியாது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம்தானே. மே மாதம் பெரியவனைச் சம்மர் கிளாஸிலிருந்து மதியம் பன்னிரண்டு மணிக்கு நடந்து கூட்டிவரும் வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஆட்டோவுக்கும் சேர்த்துக் கொடுங்கள். மே மாதம் நீங்கள் பத்து நாள் சொந்த ஊருக்கோ ஏலகிரிக்கோ போய்விட்டு அந்தப் பத்து நாளுக்குச் சம்பளம் பிடிப்பீர்களானால், அதற்கும் மேலே சொன்ன அதே பதில்தான்.

வேறு ஆள் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருக்கும் ஷூ கம்பெனிகள் சுற்று வட்டாரத்துக்கே வேன் அனுப்பிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மழையென்றாலும் வேன் வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. வேலை செய்யக்கூடிய வயதில் இருக்கும் பெண்கள் அந்த வேனில் ஏறிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில், குழந்தை அழுதால் பதறாமல் தூக்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் ஒரு வருடமாக உங்கள் வீட்டில் இருக்கிறார்.

நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ் புக் இருந்தால் ஆன்லைனிலேயே முடியும், உங்கள் கணவருக்கு அது அரைமணி வேலை. பிள்ளைகளின் படிப்புக்கு, விபத்துக்கு, 60 வயதுக்குப் பின் பென்ஷனுக்கு எல்லாம் அந்தப் பதிவுதான் வழி.

கடைசியாகப் பாக்கிக் கணக்கு. பிடித்த 1,385, எட்டரை வரை இருந்ததற்கு 175, அன்றைய ஆட்டோவுக்கு ஏறத்தாழ 150. மொத்தம் 1,710 ரூபாய். இதை ஜிபேயில் அனுப்பாதீர்கள். 7,615 என்று போனில் வந்து விழுந்த எண்ணை அவர் எத்தனை முறை பார்த்தாரோ. கவரில் போட்டு, சின்னவள் தூங்கிய நேரமாகப் பார்த்து, கணவரே கையில் கொடுக்கட்டும். தீபாவளிக் காசு, பொங்கல் காசு என்று வேறு பெயர் சொல்ல வேண்டாம். "கணக்குல தப்பு பண்ணிட்டேங்க்கா" என்று அவர் வாயால் சொன்னால் போதும். மறுநாளும் அக்கா ஆறு மணிக்கே கிளம்பினால் கிளம்பட்டும். பேசிய நேரம் ஆறு மணிதானே.